தோற்றவர் டீ போட வேண்டும்

நம் வயதுக்காரர்களில் தாயம் ஆடாதவர் யாரும் இருக்க மாட்டோம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து, கரித்துண்டால் கட்டம் போட்டு, மத்தியானம் முழுக்க அதிலேயே கிடந்திருக்கிறோம். ஆனால் புள்ளி வைத்த வெள்ளைக் கட்டைகளைத் தலையோடு தலை ஒட்டவைத்து ஆடும் ஆட்டத்தை உங்களில் எத்தனை பேர் அந்த வயதில் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. அதற்கு டாமினோ என்று பெயர் இருப்பதே எனக்கு வெகுநாள் கழித்து என் மகள் கைபேசியில் காட்டியபோதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அது வெறும் கட்டை. 'கட்டை ஆடலாமா' என்றால் அதுதான்.

மகளுடைய கைபேசியில் கட்டைகள் தானாகவே போய் ஒட்டிக்கொள்கின்றன. சத்தம்கூட வருகிறது. ஆனால் அது கட்டை விழுகிற சத்தம் இல்லை. அன்றைக்கு அதைக் கேட்டதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள் என்பது என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் அஞ்சாவது படித்தேன். அப்பா சின்னசேலத்துக்கு வெளியே ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், தொட்டி பார்க்கும் வேலையில் இருந்தார். மில் காம்பவுண்டுக்குள்ளேயே, காயப்போடும் களத்தை ஒட்டி, ஓடு போட்ட வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் லாரியில் மரவள்ளிக் கிழங்கு வந்து மலையாகக் குவியும். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அரைத்த பால் தொட்டிகளில் இறங்கித் தெளியும். மேலே நிற்கும் தண்ணீரை அப்பா திறந்துவிடுவார். அந்தத் தண்ணீருக்கு ஒரு புளித்த வாடை உண்டு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். எனக்கோ அது வீட்டு வாடை. பஸ்ஸில் வரும்போது அந்த வாடை அடித்தால் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று இன்றைக்கும் கால் எழுந்துகொள்ளும்.

களம் என்றால் நெல் களம் மாதிரி இல்லை. கண்ணுக்கெட்டியவரை சிமெண்டுத் தரை. அதில் மாவும் வறுத்த ஜவ்வரிசியும் பரப்பிக் கிடக்கும். உச்சி வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் வரும். பலகை மாட்டிய நீளக் கழியால் இழுத்து இழுத்துக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த மாசி மாதம்தான் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவுடைய தம்பி. அவர்களுக்கு அப்பா அம்மா கிடையாது. அம்மாதான் அவருக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாமல் துபாய் போனார். எந்த நாட்டுக்குப் போனாலும் அப்போது நமக்கெல்லாம் அது துபாய்தான். மாமா போன பிறகு அத்தை, அதாவது அவர் மனைவி, கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய் இருந்தாள். புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது பெண் பிறந்த வீட்டில் இருப்பது நடப்புதானே. மாமா திரும்பி வந்ததும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று போனார். அத்தையின் அப்பா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். பெண்ணை அனுப்ப முடியாதாம்.

காரணம் இதுதான். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் துபாயில் மாமா தங்கியிருந்த அதே தொழிலாளர் கேம்ப்பில் இருந்துவிட்டு முன்னாலேயே ஊர் திரும்பியவர். ஏதோ விசேஷத்தில் அத்தையின் அப்பாவைப் பார்த்தபோது, உங்கள் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சூடான்காரரோடு கட்டை உருட்டிக்கொண்டு கிடக்கிறார், வேறு யாரோடும் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்தது நிஜம்தான். பார்த்ததற்கு அவர் வைத்த பெயர்தான் தப்பு.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அத்தையின் அப்பா அப்படிப் போகக் கூடியவர் இல்லை. அவர் தெருக்கூத்தில் தருமர் வேஷம் கட்டுகிறவர். திரௌபதி அம்மன் கோயிலில் வருடா வருடம் பாரதம் வைக்கும்போது அவர்தான் தருமர். ஊரில் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், தருமர் என்றே கூப்பிடுவார்கள். நானும் தருமர் தாத்தா என்பேன். சூதாட்டக் கூத்தன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். வீட்டில் தாயக்கட்டை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. அவர் காதில் 'கட்டை உருட்டுகிறார்' என்று விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமா மறுபடி அந்த வீட்டு வாசலுக்குப் போகவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. கூப்பிடவும் தெரியாது, கேட்கவும் தெரியாது, என்னை மாதிரி ஆள். மில்லிலேயே களத்தில் கிளறும் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். அத்தைக்கென்று கொண்டுவந்த சென்ட் பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. சாயங்காலமானால் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து கட்டைகளைப் பலகையில் கொட்டி, தானே இரண்டு கையாகப் பிரித்து, தானே ஆடுவார்.

அம்மா பயந்துபோனாள். பாலைவன வெயிலில் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து, யாரிடமோ மந்திரித்துக் கயிறு வாங்கி வந்து கையில் கட்டினாள். அப்பா வேறு மாதிரி நினைத்தார். வெளிநாட்டுக்குப் போய்வந்த மண்டைக்கனம், அதனால்தான் யாரோடும் பேசுவதில்லை என்றார். இப்போது யோசித்தால், வீட்டில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்து எப்படி இரண்டு தப்பான முடிவுக்கு வந்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் எங்கே சொல்லியிருக்கப் போகிறார், அது வேறு விஷயம்.

நான் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒருநாள் இரண்டாவது கையை என் பக்கம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். நான் தோற்றுத் தோற்றுத்தான் ஆட்டத்தைப் புரிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டையும் நம் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள், ஒன்று முதல் ஆறு வரை. சில பக்கம் ஒன்றுமே இருக்காது, அதை நான் மொட்டை என்பேன். எல்லாவற்றையும் குப்புறக் கவிழ்த்துக் கலைத்து, ஆளுக்கு ஏழு எடுத்துக்கொள்ள வேண்டும். மாமா ஆடும் முறையில் மீதியைத் தொடக் கூடாது, அது கவிழ்ந்தபடியே கிடக்கும். ஒருவர் ஒரு கட்டையை நடுவில் வைப்பார். அதன் முனையில் நாலு புள்ளி இருந்தால் அடுத்தவர் நாலு உள்ள கட்டையை அதோடு சேர்த்து வைக்க வேண்டும். இப்படி இரண்டு முனையிலும் வளர்ந்து ரயில் மாதிரி நீளும். இரண்டு பக்கமும் ஒரே புள்ளி இருந்தால் அது ஜோடி, குறுக்காக வைக்க வேண்டும். கையில் இருப்பதை முதலில் தீர்க்கிறவர் ஜெயித்தார்.

முனைக்குச் சேரும் கட்டை கையில் இல்லை என்றால் பலகையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே அதனால்தான். தாயத்தில் கத்த வேண்டும், சண்டை போட வேண்டும், நான் போட்டதை நீ மாற்றினாய் என்று அழ வேண்டும். இதில் பேசாமல் ஒரு பொழுது முழுக்க ஒருவரோடு இருக்கலாம்.

தட்டினால் அடுத்தவர் உன் கையை எட்டிப் பார்க்கக் கூடாது. இல்லை என்றால் இல்லை, அதை நம்ப வேண்டும். இருந்தும் தட்டுவது திருட்டு. மாமா எனக்கு வாய்விட்டுச் சொன்ன ஒரே சட்டம் இதுதான்.

பணயமும் உண்டு. தோற்றவர் டீ போட வேண்டும். அந்தக் கேம்ப்பில் அப்படித்தானாம். ஆரம்பத்தில் எப்போதும் நான்தான் தோற்பேன் என்பதால் அடுப்படியில் எந்நேரமும் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீத்தூள் இப்படிக் கரைகிறதே என்று அம்மா புலம்பினாள். பிறகு மாமாவும் தோற்கத் தொடங்கினார். ஆம்பளை அடுப்படியில் நிற்பதைப் பார்த்து அப்பா, "இன்னா மச்சான், துபாய்ல இந்த வேலைதான் குடுத்தாங்களா?" என்பார். மாமா போடும் டீ பால் இல்லாமல் கன்னங்கரேல் என்று இருக்கும். சர்க்கரை பாகு மாதிரி அடியில் நிற்கும். சூடான்காரர் கற்றுக்கொடுத்த டீ.

அந்தச் சூடான்காரரைப் பற்றி அம்மாதான் ஒருநாள் மெல்லப் பேச்சுக் கொடுத்து வாங்கினாள். அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். அவர் வயதில் மூத்தவர். மாமாவுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு மாமா பாஷை தெரியாது. இரண்டு பேருக்குமே இந்தி சரியாக வராது. முதல் மாதம் முழுக்க மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்திருக்கிறார். அவர்தான் எழுப்பி உட்காரவைத்து முன்னால் ஏழு கட்டையைத் தள்ளியிருக்கிறார்.

"இன்னாதான்டா பேசிக்குவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒன்னும் பேசல அக்கா. நான் தட்டுனா அவருக்குப் புரியும். அவர் தட்டுனா எனக்குப் புரியும்."

அவர் ஊருக்குத் திரும்பும்போது கட்டைகளைப் பெட்டியோடு மாமா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதற்கப்புறம் மூளை கலங்கினதைப் பற்றிப் பேசவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, கட்டினது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இடையில் ஒரு கட்டை தொலைந்தது. களத்து ஓரத்தில் உட்கார்ந்து ஆடும்போது மூன்றும் ஒன்றும் உள்ள கட்டை என் மடியிலிருந்து உருண்டு மாவுக்குள் போய்விட்டது. வெள்ளைக் களத்தில் வெள்ளைக் கட்டை. கிழங்கு சீவும் பெண்கள் சாப்பாட்டு வேளையில் எழுந்து வந்து எனக்காகக் குனிந்து தேடினார்கள். அதில் மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள், வெற்றிலை வாயோடு எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். "தேடாத பாப்பா. அது இந்நேரம் மூட்டைக்குள்ள பூந்துக்கினு பம்பாய்க்குப் போய்க்கினு இருக்கும். எவனோ விரதம் இருந்துட்டு ஜவ்வரிசின்னு வாயில போட்டுப் பல்லை ஒடைச்சிக்கப் போறான்" என்றாள். கட்டை கிடைக்கவில்லை. மாமா ஒரு பெட்டிப் பலகையை அறுத்துத் தேய்த்து, ஆணியைச் சுட்டுப் புள்ளி வைத்து ஒன்று செய்தார். அது மட்டும் மரக் கலராக இருந்ததால் யார் கையில் இருக்கிறது என்று எப்போதும் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஆடுவது முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு ஆடுவது மாதிரி.

பங்குனி பிறந்தது. தருமர் ஊரில் பாரதத்துக்குக் கொடி ஏற்ற நாள் குறித்துவிட்டார்கள். கொடி ஏறுவதற்கு முன்னால் இந்த விவகாரத்தை முடித்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். முடிப்பது என்றால், அத்தையின் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வது. அவை எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. தனிக்குடித்தனம் வைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று, கல்யாணத்தின்போது சுற்றிய காகிதத்தைக்கூட பிரிக்காமல் அம்மா மேலே ஏற்றி வைத்திருந்தாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண் கொண்டுவந்த பாத்திரம் அடுப்பு ஏறாதவரை பிறந்த வீட்டார் திருப்பிக் கேட்கலாம். ஒருமுறை நெருப்பில் ஏறிக் கரி பிடித்துவிட்டால் அது அவள் வாழ்கிற வீட்டுப் பாத்திரம். அதை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் அசிங்கம். பாத்திரம் திரும்பிப் போய்விட்டால் கல்யாணமும் போயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் பஞ்சாயத்துக்கூட கிடையாது.

அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். நான் வீட்டுக்கு வந்தபோது மலையிலிருந்து கிழங்கு லாரி வந்து நின்றிருந்தது. முன் சீட்டிலிருந்து தருமர் தாத்தா இறங்கினார். பின்னாலேயே அத்தை. கிழங்கு இறக்கி முடித்ததும் லாரி காலியாக அவர்கள் ஊர் வழியாகத்தான் மலைக்குத் திரும்பும். அதிலேயே பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று ஏற்பாடு.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "தண்ணி வேணாம்மா. வந்த வேலை ஆவட்டும்" என்றார். உறவு வேண்டாம் என்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் இல்லையா. அம்மா சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பரணுக்கு ஏணி போட்டாள்.

வெண்கலப் பானை, பித்தளைக் குடம், ஈயம் பூசின குண்டான், குத்துவிளக்கு. அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். பளபள என்று இருந்தன. "ஒன்னுலயும் கரி படல. பத்தரமா வெச்சிருக்கீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் கோணிக்குள் போயின. அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, யாரோ வீட்டுச் சாமான் மாதிரி, களத்து ஓரத்துப் புங்கமரத்தடியில் நின்றாள்.

மாமா களத்தின் நடுவில் கிளறிக்கொண்டிருந்தார். வரவில்லை. கழியை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயம் வந்தால் நான் கட்டைகளை எடுத்துவைத்துக்கொள்வேன். அன்றைக்கும் புங்கமரத்தடியில் கிழங்குக் கூடையைக் கவிழ்த்து, மேலே பலகை வைத்து, தனியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். தருமர் தாத்தா அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் மாமாவோடு நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார், அதனால் அப்பாவிடம் திரும்பினார்.

"இத்தினியூண்டு புள்ளைக்கும் கத்துக் குடுத்துட்டாரா உங்க மச்சான்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வருஷா வருஷம் சபையில பொண்டாட்டிய வெச்சுத் தோக்குறவன் நான். வேஷம்தான், ஆனா தோத்துட்டுத் தலை குனிஞ்சு குந்தினு இருக்குறப்ப அந்தப் பொம்பளை கேக்குற கேள்வி இருக்குது பாருங்க, அது வேஷம் இல்ல. என் பொண்ணை அங்க நிக்க வெக்க மாட்டேன்" என்றார்.

அந்த வயதில் எனக்கு அவர் ராட்சசன் மாதிரிதான் தெரிந்தார். அந்த மனுஷன் நடுங்கிப்போய் இருந்தார் என்பது எனக்கும் ஒரு பெண் பிறந்து, அவளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் புரிந்தது.

அத்தை வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"இது எப்பிடி பாப்பா ஆடுறது?"

பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொன்னாலே என் குரல் வாத்தியார் காதுக்கு எட்டாது. ஆனால் அன்றைக்குச் சொன்னேன். மொட்டை எது, ஜோடி எது, எப்படிச் சேர்ப்பது, எப்போது தட்டுவது, இருந்தும் தட்டினால் திருட்டு என்பது, எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசியது அன்றுதான். அப்பா வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோத்தா இன்னா குடுக்கணும்?" என்று அத்தை கேட்டாள். அவள் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"தோத்தவங்க டீ போடணும் அத்தை."

"டீயா?"

"டீதான். மாமா நெறைய தடவ போட்டிருக்காரு."

கிழங்கு சீவும் அக்கா தூரத்திலிருந்தே, "ஆமாம்மா. டீயா அது? கரிச்சட்டி கழுவுன தண்ணி" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு, "உங்க மாமாவக் கூப்புடு" என்றாள்.

மாமா முழங்கை வரை மாவாக வந்து நின்றார். கையைத் துடைக்க ஒன்றும் கிடைக்காமல் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து எவ்வளவு நாள் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தார்கள். நான் கவிழ்த்துக் கலைத்துவிட்டேன். ஆளுக்கு ஏழு. அத்தை தன் கையை எனக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, எது சேரும் என்று கண்ணாலேயே கேட்டாள். இரண்டு மூன்று முறைதான் கேட்டாள், பிறகு கேட்கவில்லை.

லாரியிலிருந்து கிழங்கு தடதட என்று விழுந்துகொண்டிருந்தது. இங்கே கட்டை விழும் சத்தம், சில நேரம் இரண்டு தட்டு. தருமர் தாத்தா முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு லாரிப் பக்கம் நின்றார். கொஞ்சம் கழித்துப் பக்கவாட்டில் நின்றார். அதற்கப்புறம் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அப்பாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னாத்துக்குக் குறுக்கால வெக்கிறாங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே புள்ளி வந்தா குறுக்கால வெக்கணுங்க."

"ம்" என்றார்.

கடைசியில் இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு கட்டை இருந்தது. பலகையில் ஒரு முனையில் நாலு, இன்னொரு முனையில் இரண்டு. அத்தையின் முறை. அவள் கையில் இருந்தது நாலும் ஒன்றும். வைத்தால் முடிந்தது, முதல் ஆட்டத்திலேயே அத்தை ஜெயித்துவிடுவாள். அவளுக்கும் அது தெரிந்தது. கட்டையையும் பார்த்தாள், நாலையும் பார்த்தாள்.

பிறகு பலகையில் இரண்டு தட்டு தட்டினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமா தன் கட்டையை இரண்டு இருந்த முனையில் வைத்தார். ஆட்டம் முடிந்தது. அத்தை தன் கட்டையைக் கவிழ்த்து, கவிழ்ந்து கிடந்த மீதியோடு தள்ளிவிட்டு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தோத்துட்டேன். டீ போட்டுட்டு வரேன்" என்றாள்.

"லாரி கெளம்பப் போவுது" என்றார் அவள் அப்பா.

"ஒத்துக்கினுதான ஆடுனேன். தோத்துட்டு எழுந்து ஓடலாமாப்பா? உங்க தருமரு ஓடுனாரா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்தை நேராக அடுப்படிக்குப் போகவில்லை. வாசலில் கட்டி வைத்திருந்த கோணியை அவிழ்த்தாள். ஈயம் பூசின குண்டானை எடுத்தாள். சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். நிலைப்படியில் நின்ற அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை வந்தது. காய்ந்த மரவள்ளிக் குச்சி எரிந்தால் அப்படித்தான், முதலில் புகைந்துதான் பிடிக்கும்.

மாமா கட்டைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அத்தை தள்ளிவிட்ட கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாலும் ஒன்றும். பலகையில் இன்னும் அந்த நாலு திறந்தே கிடந்தது. அவர் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் சொல்லி வைத்த சட்டம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்தக் கட்டையை மட்டும் பெட்டிக்குள் போடாமல் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை சேலைத் தலைப்பால் குண்டானைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் எதிரிலேயே, நின்றபடியே டம்ளரில் ஊற்றினாள். குண்டானின் அடி முழுக்க கரி. ஊற்றும்போது சாய்ந்ததில் எல்லோருக்கும் தெரிந்தது. தருமர் தாத்தா அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கு சீவும் அக்காகூட வாயில் வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை நீட்டி டம்ளரை வாங்கினார். ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மி" என்றார்.

அத்தை சர்க்கரை எடுத்துவர உள்ளே ஓடினாள். லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். தருமர் தாத்தா டம்ளரைக் கீழே வைக்காமலேயே, நீ போ என்று அவருக்குக் கை காட்டினார்.